முகம் படிக்க வருகிறதாம் இயந்திரம்!

மனிதன் முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் இயந்திரம் வரப்போகிறது என்கிறார்கள். வரப்போகிறது என்ன, வந்தே விட்டது! கண்ணுக்குக் காமிரா, மூளைக்குக் கணினி. எதிரே நிற்பவர் புருவத்தை நெரித்தால் "இவருக்குக் கோபம்" என்று குறித்துக்கொள்ளும். உதடு விரிந்தால் "இவருக்கு மகிழ்ச்சி" என்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைக் கொண்டு பணிந்து பேசும், அல்லது விலகி நிற்கும், அல்லது மேலிடத்துக்குச் சேதி அனுப்பும். பழகத் தெரிந்த ரோபோ என்று அதற்குப் பட்டம் சூட்டுகிறார்கள்.

ரோபோ நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2016 நவம்பரில் சென்னையில் சிட்டி யூனியன் வங்கி 'லட்சுமி' என்ற ரோபோவை வாடிக்கையாளரோடு பேச நிறுத்தியது. 2020-ல் கொரோனா கொடிகட்டிப் பறந்தபோது ஸ்டான்லி மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றன ரோபோக்கள். சுமந்தன, போயின, வந்தன, அவ்வளவுதான். ஆனால் ஜப்பானில் 2014-ல் வெளிவந்த 'பெப்பர்' என்ற ரோபோவோ, மனித உணர்ச்சியை அறியும் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. ஏறத்தாழ 27,000 பெப்பர்களைச் செய்து தள்ளிய பிறகு, வாங்க ஆளில்லாமல் உற்பத்தியை நிறுத்தி வைத்தார்கள். பெப்பர் போனாலும் பெப்பரின் கண் போகவில்லை. அந்த வித்தை கடைக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் போலீசுக்கும் விலைபேசப்படுகிறது.

விஞ்ஞானத்தை வெறுப்பவர்கள் அல்ல நாம். சுமை தூக்கும் கிரேன் வந்தபோதும், எண்ணிக்கை போடும் கணினி வந்தபோதும், அதன் பலன் யாருக்கு என்றுதான் கேட்டோம். இப்போதும் அதையே கேட்கிறோம். யார் முகத்தை, யாருக்காக, எந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு படிக்கப் போகிறது இந்த இயந்திரம்?

இந்தக் கேள்வியைக் குளிர்சாதன அறையில் அமர்ந்து கேட்பதைவிடக் கள்ளக்குறிச்சியில் நின்று கேட்பது நல்லது. மேற்கே பாருங்கள், கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை; மேலே வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். 'மலையாளி' என்பது அவர்கள் குலத்தின் பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; மலையை ஆள்பவன் மலையாளி. பெயரைக் கேட்டே தவறாகப் புரிந்துகொள்கிறது வெளியுலகம். முகத்தைப் பார்த்து மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு விடுமா?

அந்த மலையை 1976 வரையில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டு கழிந்த பின்னும் ஜாகீர்! அந்த ஜாகீர்தார் முன்னே கைகட்டி நின்றவன் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தோழர்களே. வயிறு எரிந்திருக்கும், முகம் எரிந்திருக்காது. சிரித்திருப்பான். "ஆகட்டுங்க சாமி" என்றிருப்பான். பண்ணையில் நின்றவனுக்கும் ஆலை வாசலில் நின்றவனுக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். அதிகாரத்தின் முன்னே ஏழை சிரிக்கும் சிரிப்பு மகிழ்ச்சிச் சிரிப்பல்ல. அடி விழாமல் இருப்பதற்காகப் பிடித்த கேடயம். இயந்திரம் அதை என்னவென்று எழுதும்? உதடு விரிந்தது, கன்னம் உயர்ந்தது, எனவே மகிழ்ச்சி!

"அப்படியல்ல, எங்கள் இயந்திரம் கள்ளச் சிரிப்பையும் கண்டுபிடிக்கும்" என்பார்கள் விற்க வருகிறவர்கள். அவர்கள் கையில் சரக்கு இல்லாமலும் இல்லை. 1862-ல் பிரான்சு நாட்டு டாக்டர் டூஷேன், முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை எந்தப் பாவத்தை எழுப்புகிறது என்று சோதித்தார். உள்ளபடியே மகிழ்ந்தவன் சிரித்தால் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும், பொய்யாகச் சிரித்தால் உதடு மட்டும் அசையும் என்று கண்டவர் அவர். பத்தாண்டு கழித்து, 1872-ல், டார்வின் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் கேள்வித்தாள் அனுப்பினார். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் வேலை பார்த்த ஸ்காட் என்பவர், அங்கே உழைத்த பல குடிமக்களின் முகங்களைக் கவனித்து அவருக்கு எழுதினார். 1966-ல் ஹாகர்டும் ஐசக்ஸும், மனநோய்ச் சிகிச்சையில் எடுத்த திரைப்படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றி மறையும் பாவங்களைக் கண்டார்கள். அரை நொடிகூட நில்லாத பாவங்கள் அவை. 1978-ல் எக்மனும் ஃபிரீசனும் முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்து அட்டவணையே போட்டுவிட்டார்கள். உட்புருவம் உயர்ந்தால் 1, உதட்டோரம் மேலேறினால் 12.

இதுவரையில் நமக்குத் தகராறில்லை. தசை அசைந்ததா இல்லையா என்பதைக் காமிரா நம்மைவிட நன்றாகவே காணும். சீனத்தில் 2014-ல் வெளியான ஒரு தொகுப்புக்காக, 26 பேரை உட்காரவைத்துப் படம் காட்டி, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதே என்று சொல்லி, நொடிக்கு 200 சட்டங்கள் வீதம் படம் பிடித்தார்கள். அடக்கியும் அடங்காமல் எட்டிப் பார்த்த 247 நுண்ணிய பாவங்கள் சிக்கின. நம் நாட்டில் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் அப்படி ஒரு தொகுப்பு செய்தார்கள்: 50 பேர், 428 காட்சித் துண்டுகள். கரக்பூர்க்காரர்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். படம் பார்த்தவரிடமே, "உமக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வியை மனத்தில் வைத்திருங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

தகராறு எங்கே தொடங்குகிறது? அசைவிலிருந்து அர்த்தத்துக்குத் தாவும் இடத்தில்!

இயந்திரத்துக்கு அர்த்தம் தானாகத் தெரியாது. மனிதன்தான் கற்றுக்கொடுக்கிறான். பல்லாயிரம் படங்களை ஒருவர் முன்னே வைத்து, இது கோபம், இது துயரம், இது அருவருப்பு என்று சீட்டு ஒட்டச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்து படத்துக்குச் சீட்டு ஒட்டும் இந்த வேலை, கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்திலே இருக்கும் சேலத்துக்கே வந்துவிட்டது. படித்த பிள்ளைகள் செய்கிறார்கள். செய்யட்டும், வேலை வேலைதான். ஆனால் அந்தச் சீட்டு எவ்வளவு உறுதியானது? 2017-ல் வந்த 'அஃபெக்ட்நெட்' என்ற பெருந்தொகுப்பில், ஏறத்தாழ நான்கரை லட்சம் முகப்படங்களுக்கு மனிதர்களே சீட்டு ஒட்டினார்கள். சரிபார்ப்பதற்காக 36,000 படங்களை இருவரிடம் தனித்தனியே கொடுத்தபோது, இருவரும் ஒத்துப்போனது நூற்றுக்கு 60.7. பத்துப் படத்தில் நான்கு படத்துக்கு இரண்டு மனிதர்களுக்கே ஒத்துவரவில்லை! அந்த நான்கையும் சேர்த்துத்தான் இயந்திரம் பாடம் படிக்கிறது. படித்து முடித்ததும் அது சந்தேகமே இல்லாத குரலில் பேசுகிறது.

சரி, சீட்டு ஒட்டியவர்கள் ஒத்துப்போன படத்திலாவது உண்மை இருக்கிறதா? 2019-ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்து எழுதினார்கள். கோபங்கொண்ட மனிதன் முகத்தைச் சுளிப்பது நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது முறைதான். மற்ற எழுபது முறை? வாயை மூடிக்கொள்கிறான், எழுந்து போகிறான், சிரிக்கக்கூடச் செய்கிறான். முகத்தைச் சுளித்தவர்களும் எல்லோரும் கோபக்காரர்கள் அல்லர். கணக்குப் போடுகிறவனும் சுளிக்கிறான். வெயிலில் நடந்து வந்தவனும் சுளிக்கிறான். அதற்கு மூன்றாண்டு முன்னே பப்புவா நியூகினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவில் இன்னொரு சோதனை நடந்தது. கண் விரிந்து வாய் திறந்த முகத்தை மேலைநாட்டார் 'அச்சம்' என்பார்கள். அந்தத் தீவின் இளைஞர்கள் அதை, மிரட்டுகிற முகம் என்றார்கள். அஞ்சுகிறவன் ஓரிடத்தில், அஞ்ச வைக்கிறவன் இன்னோரிடத்தில். முகம் ஒன்று!

நம் தமிழ்ப் பெரியார் ஒருவருக்கு இந்தச் சூட்சுமம் அன்றே தெரிந்திருந்தது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடு. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டோடு அவர் நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பிறப்பிடம் கூறுகிறார். சிரிப்பு என்றால், பிறரை எள்ளுவதிலிருந்தா, இளமைத் துடிப்பிலிருந்தா, பேதைமையிலிருந்தா, மடமையிலிருந்தா? அழுகை என்றால், இழிவுபட்டதனாலா, இழந்ததனாலா, இருந்த நிலை குலைந்ததனாலா, வறுமையினாலா? கண்ணீரைக் கண்டதோடு வேலை முடிந்தது என்று அந்த ஆசிரியர் எண்ணவில்லை. எங்கிருந்து வந்த கண்ணீர் என்று கேட்கிறார். வறுமையையும் அந்தப் பட்டியலில் வைத்தாரே, அதை இன்றைய ரோபோக்காரர்களின் எந்த அட்டவணையில் காண்கிறோம்? கோபம், அச்சம், வியப்பு எல்லாம் உண்டு. பசிக்கு ஓர் எண் உண்டா?

பிறப்பிடம் தெரியாத முகக்குறி எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கள்ளக்குறிச்சி அனுபவித்தே அறிந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலும் அன்றாடம் காய்ச்சிகள். மெத்தனாலின் கொடுமை என்ன தெரியுமா? அது உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. முதலில் வெறும் போதையைப் போலவே தோன்றும். பல மணி நேரம் கழிந்த பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல். அந்த முதல் சில மணி நேரத்தில் குடித்தவன் முகமும் நஞ்சுண்டவன் முகமும் ஒன்றே. மருத்துவமனை வாசலில் முகம் படிக்கும் ரோபோ ஒன்றை நிறுத்தியிருந்தால் என்ன எழுதியிருக்கும்? சோர்வு, மயக்கம், குடிபோதை. அவசரமில்லை, அடுத்தவர் வரலாம்! அவன் உயிரைக் காப்பாற்றக்கூடியது ஒரு மனிதர் குனிந்து கேட்கும் கேள்வி: "என்ன குடித்தாய்? எப்போது குடித்தாய்? கண் மங்குகிறதா?"

அந்தத் துயரம் நடந்த பிறகுதான், 2024 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலைபற்றி வழக்கெடுத்தது. பாதை எங்கே, பள்ளி எங்கே, ரேஷன் கடை எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. அதுவரையில் அந்த மலையின் பேரைச் சொன்னாலே வெளியூரில் பலருக்கும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். மலையிலிருந்து இறங்கி வருகிறவன்மீது முதல் பார்வையே சந்தேகப் பார்வை. மனிதன் கண்ணிலே இருக்கும் அந்தச் சந்தேகம், அவன் ஒட்டும் சீட்டிலே இறங்கும். சீட்டிலிருந்து இயந்திரத்திலே இறங்கும். இறங்கிய பிறகு அதற்குப் பெயர் சந்தேகமல்ல, விஞ்ஞானம்!

மிகைப்படுத்துகிறோமா? வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகளாக நூலும் வெளியிட்டார். மலையாளிகளும் அதில் உண்டு. அளவுகோலைக் கண்டு பழங்குடி மக்கள் அஞ்சியதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஆளின் தரத்தை மூக்கின் அகலம் சொல்லும் என்று நம்பிய காலம் அது. இன்று அந்த நம்பிக்கையைப் படித்தவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் 2018-ல் அமெரிக்காவில் லாரன் ரூ என்ற ஆய்வாளர், கூடைப்பந்து வீரர்களின் 400 படங்களை இரண்டு பெரிய நிறுவனங்களின் முகம் படிக்கும் நிரல்களிடம் கொடுத்தார். கறுப்பின வீரர்களுக்குத்தான் கோபம், வெறுப்பு போன்ற குறிகள் அதிகமாக விழுந்தன. தர்ஸ்டனின் கருவி மரப்பெட்டியில் தூங்குகிறது. அவருடைய பார்வை கணினிக்குள் விழித்திருக்கிறது.

நம்மவர் கதைக்கே வருவோம். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலைமக்கள் அவர்களில் பலர். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். முகத்தையும் உடையையும் பேச்சையும் தவிர ஒரு பேருந்தில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அந்த வேலையைச் செய்ய ஒரு காமிராவையும் பழக்கிவிட்டால், நாளைக்குக் கேள்வி கேட்கக்கூட ஆள் கிடைக்காது. "நாங்கள் சொல்லவில்லை, இயந்திரம் சொன்னது" என்பார்கள்.

முகத்தையும் நடத்தையையும் பார்த்து ஆபத்தான பேர்வழியைப் பிடிப்போம் என்று 2007 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு திட்டம் நடந்தது. 90 கோடி டாலர் கரைந்தது. 2013-ல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம், இந்த வித்தை பலிக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதி, பணத்தைக் குறைக்கச் சொன்னது. அங்கே தோற்றதை நாம் விட்டோமா? 2021 ஜனவரியில் லக்னோ போலீசார், தெருவில் நடக்கும் பெண்களின் முகத்தில் துன்பக் குறி கண்டால் தானே போலீசுக்குச் சேதி அனுப்பும் காமிராக்களை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். கொடுமை செய்பவனை விட்டுவிட்டு, கொடுமைக்கு ஆளாகும் பெண்ணின் முகத்துக்குக் காவல் போடும் அதிசயத்தை என்னென்பது!

தொழிலிடத்துக்குக் காமிரா வந்தாயிற்று. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து அனுப்பினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். மண்வெட்டியோடு வரிசையாக நிற்கும் பெண்களைப் படம் பிடித்தார்கள். ஆளைத் தெரிந்துகொள்ளும் கருவிக்கும், ஆளின் அகத்தைத் தெரிந்துகொள்வதாகச் சொல்லும் கருவிக்கும் இடையே ஒரே ஒரு படிதான். அந்தப் படியை ஏறிவிட்டால், மேஸ்திரி கேட்க வேண்டியதில்லை, கருவியே சொல்லும்: "மூன்றாம் வரிசையில் நிற்பவருக்கு வேலையில் விருப்பமில்லை. ஐந்தாம் ஆள் முணுமுணுக்கிறார்." முணுமுணுப்புத்தானே தோழர்களே, சங்கத்தின் முதல் எழுத்து!

காலகாலமாகத் தொழிலாளிதான் முதலாளியின் முகத்தைப் படித்து வந்திருக்கிறான். இன்றைக்கு முன்பணம் கேட்கலாமா, லீவு கேட்கலாமா என்று புருவத்தைப் பார்த்தே நாள் குறிப்பான். அது அவனுக்கிருந்த ஒரே ஆயுதம். இப்போது அதே வித்தையைக் கோடி கோடியாகக் கொட்டி இயந்திரமாக்கி, எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறார்கள். முதலாளியின் முகத்தைப் படித்துத் தொழிலாளிக்குச் சொல்லும் ரோபோவை எந்தக் கம்பெனியும் விற்பனைக்குக் கொண்டுவந்ததாக நமக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இந்த வித்தையே வேண்டாமா? வேண்டும், வேண்டிய இடத்தில். ஆஸ்திரேலியாவில் 2017-ல் அனுமதி பெற்ற 'பெயின்செக்' என்ற கருவி, நினைவு தவறிய முதியவர்களின் வலியை அறிய உதவுகிறது. "வலிக்கிறது" என்று சொல்ல வாய் வராதவர்கள் அவர்கள். அந்தக் கருவி பார்க்கும் குறிகள் மொத்தம் 42. அவற்றில் முகத்திலிருந்து காமிரா எடுப்பது ஒன்பதே ஒன்பது. மற்ற 33-ஐயும், அதாவது குரல், அசைவு, நடத்தை, உடல் மாற்றம் ஆகியவற்றை, அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும் செவிலியரே குறிக்கவேண்டும். தன் எல்லை தெரிந்த இயந்திரம் இது. சிறுவங்கூரில் அமைந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இப்படி ஒன்று வருமானால், வாசலில் நின்று வரவேற்கலாம். செவிலியருக்குத் துணையாக வரட்டும். செவிலியர் இடத்தை ஒழித்துவிட்டு, வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து, கூச்சத்தால் வலியையும் சிரித்து மறைக்கும் தாயின் முகத்துக்கு எண் போட வருமானால், வந்த வழியே அனுப்ப வேண்டியதுதான்.

மேலைநாட்டார் விழித்துக்கொண்டார்கள். வேலை கேட்டு வந்தவர்களின் முகத்தைப் படித்து மதிப்பெண் போட்ட ஹயர்வியூ நிறுவனம், அதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. 2022 ஜூனில் மைக்ரோசாப்ட், முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் தன் சேவையை விலக்கிக்கொள்வதாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் செய்த சட்டம், தொழிலிடத்திலும் கல்விச்சாலையிலும் உணர்ச்சியை ஊகிக்கும் இயந்திரத்துக்குத் தடை போட்டது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில்? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முகபாவத்தைப் படிப்பதுபற்றி அதில் தனியாக ஒரு சொல் இல்லை. அதற்கு மாறாக, அதன் 7-ஆவது பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கும் வேலை கொடுப்பவரை நட்டத்திலிருந்து காக்கும் காரியங்களுக்கும் தொழிலாளியின் சம்மதம் பெறாமலே அவருடைய தகவலைக் கையாள இடம் வைத்திருக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது!

டெல்லி அந்தக் கதவைச் சாத்தும் வரையில் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை ஆலையானாலும் நூற்பாலையானாலும் போக்குவரத்தானாலும், அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் பஞ்சப்படிக்கும் போனசுக்கும் பக்கத்திலே ஒரு வரி சேரட்டும்: எந்தத் தொழிலாளியின் முகத்தையும் அவர் மனநிலையை ஊகிப்பதற்காக நிர்வாகம் படம் பிடிக்கக் கூடாது, அப்படி ஊகித்ததைக் காட்டி எந்தத் தண்டனையும் தரக் கூடாது. கரக்பூரிலே 50 பேரிடம் கேட்டார்களே, "உமக்கு என்ன தோன்றியது?" என்று, அந்தக் கேள்வியை நிர்வாகம் நேரில் வந்து கேட்கட்டும். பதில் சொல்ல நம் தோழர்களுக்கு வாய் இருக்கிறது.